பொள்ளாச்சி எல்லையில் தோப்பும் மனையும்: நல்ல புரோக்கரோடு சேர்ந்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போன். "ஏனுங்ணா, கோபாலபுரம் ரோட்டுல ரெண்டே கால் ஏக்கர் தோப்புங்க. தார் ரோட்டு மேலயே இருக்குது. இன்னைக்கே வந்து பாத்தர்றீங்களா?" அன்று வீட்டில் விசேஷம். வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை மதியமே திருச்சூர்க்காரர் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாலக்காட்டு பஸ்ஸில் போகும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தத் தோப்பை எட்டிப் பார்ப்பேன்.

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் நிலம் வாங்கப் போனால் நாலு பேரோடு போட்டி போட வேண்டும். ஒரே துண்டாக ஏக்கர் கணக்கில் தேடி வரும் கேரளப் பார்ட்டி, சனி ஞாயிறில் காரில் வந்து இறங்கும் கோயம்புத்தூர் பார்ட்டி, மனை போட்டு விற்பவர், கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இந்தக் கடைசி ஆள்தான் கெட்டி. அவருக்கு எந்தப் பத்திரமும் பார்க்க வேண்டியதில்லை, தாத்தா காலத்துக் கதையே தெரியும். வெளியாளான நமக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் புரோக்கர்.

நான் இரண்டு முறை கோட்டை விட்டேன், ஒரு முறை சூடு பட்டேன், நான்காவதாக அதே ஞாயிற்றுக்கிழமைப் புரோக்கர் மூலமாகவே வாங்கினேன். அதில் தெரிந்துகொண்டது இது: நல்ல புரோக்கர் நாள் கணக்கில் வேலை செய்வார், நாம் மாதக் கணக்கில் யோசிப்போம். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றால், அவசரத்தில் செய்யக்கூடாத வேலைகளை எல்லாம் அவருக்குப் போன் செய்வதற்கு முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

போன் செய்யும் முன்: பணமும் பெயரும்

முதலில் எது வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தோப்பா, வீடு கட்ட மனையா, சும்மா போட்டு வைக்க மானாவாரிக் காடா? "ஏதாவது நல்லதா வந்தா சொல்லுங்க" என்று சொல்பவரைப் புரோக்கர் மனதுக்குள் கடைசி வரிசையில் போட்டுவிடுவார். "ஒண்ணரையிலிருந்து மூணு ஏக்கர், தென்னை, சொந்தக் கிணறு, ரோட்டிலிருந்து வண்டித்தடம் இருந்தால் போதும், மொத்தம் இத்தனை லட்சம்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

மொத்தம் என்று நான் சொன்னது பதிவுச் செலவையும் சேர்த்து. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திர மதிப்பு 60 லட்சம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம் அரசுக்குப் போகும். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 8 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 10. இதற்கு மேல் கமிஷன், வக்கீல், எழுத்துக்கூலி, அளவைச் செலவு.

வங்கிக் கடனை நம்பித் தோப்புப் பேசப் போகாதீர்கள். வீட்டுக் கடனை விவசாய நிலத்துக்குத் தரமாட்டார்கள். மனைக் கடன் அங்கீகரித்த மனைக்குத்தான். அப்புறம் யார் பெயரில் வாங்குவது என்பது. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பது சகஜம், பணமும் அவருடையதாக இருக்கும். வெளிநாடுவாழ் இந்தியர் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். டோக்கன் என்னும் சின்ன முன்பணம் கொடுத்த பிறகு இது தெரிந்து, அண்ணன் பெயரை எடுத்துவிட்டு மாமனார் பெயரைப் போடலாமா என்று குடும்பமே சண்டை போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, உங்கள் வக்கீலை இப்போதே பிடித்து வையுங்கள். "ஒரு பத்திரக் கட்டு கொண்டு வந்தால் மூன்று நாளில் பார்த்துச் சொல்வீர்களா" என்று கேட்டு, சரி என்பவரிடம் மட்டும் போங்கள். புரோக்கர் சொல்லும் வக்கீல் வேண்டாம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அடுத்த மாதமும் அவருக்கு வேலை கொடுக்கப்போவது நீங்களா, புரோக்கரா?

புரோக்கரை எப்படிப் பிடிப்பது

டவுனில் போர்டு மாட்டி ஆபீஸ் போட்டிருப்பவர், ஊருக்குள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் புரோக்கர், இருவருக்கும் நடுவே போனிலேயே வேலை செய்யும் சங்கிலிப் புரோக்கர்கள் என்று மூன்று வகை. மனைக்கு ஆபீஸ் புரோக்கர் பரவாயில்லை. தோப்புக்கு ஊர்ப் புரோக்கர்தான். எந்தப் பங்காளி எந்தப் பங்காளியோடு பேசுவதில்லை, எந்தப் பையன் கடனை அடைக்க அப்பா நிலத்தை விற்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். டவுன் ஆபீசில் இருப்பவரும் கடைசியில் அவருக்குத்தான் போன் போடுவார்.

நல்ல ஊர்ப் புரோக்கரைத் தேட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, தேங்காய் வியாபாரியிடம் கேட்பது. ஒவ்வொரு தோப்புக்கும் காய் வெட்ட ஆள் அனுப்புபவர் அவர். எந்தத் தோப்பு எத்தனை காய் போடுகிறது, எந்தத் தோப்புக்காரர் நாணயமானவர் என்று கணக்கே வைத்திருப்பார். உரக்கடைக்காரரும் சொல்வார், ஆனால் கடன் பாக்கி வைத்தவரைப் பற்றிக் கொஞ்சம் காரமாகச் சொல்வார்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் ஒவ்வொருவரோடும் ஒரு நிலம் பார்க்கப் போங்கள். வாங்குவதற்காக இல்லாவிட்டாலும் போங்கள். அங்கே ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இதுல என்னங்க குறை?" "ஒண்ணுமே இல்லைங்க, எல்லாம் கிளியருங்க" என்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம். என்னுடைய புரோக்கர் அன்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "கெழக்கு வரப்புல அரை அடி தகராறு இருக்குதுங்க. அளந்தாப் போயிரும். ஆனா அளக்கோணும்." முதல் தோப்பைக் கோட்டை விட்ட பிறகும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பேச்சுதான் காரணம்.

லேஅவுட் மனை வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ரெரா என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுத்தரும் ஏஜென்டும் ரெரா பதிவு வைத்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். கேரளத்துக்குத் தனி ரெரா. கைமாறும் பழைய தோப்புக்கு இந்தப் பதிவைக் கேட்டு டீக்கடைப் புரோக்கரை மிரட்ட வேண்டாம், அது அங்கே பொருந்தாது.

கமிஷன்: முதல் நாளே, வாட்ஸ்அப்பில்

எங்கள் பக்கம் வாங்குபவரிடம் 1 சதவீதம், விற்பவரிடம் 1 சதவீதம் என்று பேசுவார்கள், 2 கேட்பவர்களும் உண்டு. எவ்வளவு என்பதைவிட எப்போது, யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். ஒரு தோப்பைப் பார்க்கப் போனால் நாலு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள். பதிவு நாளில் நாலு பேரும் கை நீட்டுவார்கள். "நான் உங்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன், கூட வந்தவர்களுக்கு நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று முதல் நாளே சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியும் அனுப்பிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சூடு பட்ட கதை இங்கேதான். ஒரு புரோக்கர், பெயர் வேண்டாம், ஏக்கர் 29 லட்சம் என்றார். நிலத்துக்காரரைப் பார்க்க வேண்டும் என்றால் "அவரு பேச மாட்டாருங்க, எல்லாம் நாந்தான்" என்றார். 20 ஆயிரம் டோக்கனும் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவரைக் கோயிலில் தற்செயலாகப் பார்த்தேன். அவர் சொன்ன விலை 26. இடையில் இருந்த மூன்று லட்சம் புரோக்கர் 'மேலே வைத்தது'. இதற்கு நெட் ரேட் என்று பெயர். விற்பவருக்கு ஒரு தொகை கையில் கிடைத்தால் போதும், அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் புரோக்கருக்கு. பெரியவருக்கு என் டோக்கன் போய்ச் சேரவே இல்லை. நான் விலகிக்கொண்டேன். டோக்கனில் பாதிதான் திரும்பி வந்தது.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். விலை பேசி முடிக்கும் நாளில் நிலத்துக்காரர் நேரில் இருக்க வேண்டும், முன்பணம் அவர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். புரோக்கர் மூலமாகப் பணம் போகும் பேச்சே வேண்டாம். கமிஷனையும் இரண்டாகப் பிரித்துவிடுவேன்: பதிவு அன்று பாதி, பட்டா பெயர் மாறியதும் பாதி. இதற்குச் சம்மதிக்கும் புரோக்கர் பட்டாவுக்காக உங்களைவிட வேகமாக அலைவார்.

நிலத்தைப் பார்க்கப் போகும்போது

இரண்டு முறை போங்கள். முதல் முறை புரோக்கரோடு. இரண்டாவது முறை அவர் இல்லாமல், சாயங்கால வேளையில். மோட்டார் ரூம் பக்கம் யாராவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்கள். தேங்காய் விலையில் ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும்.

மரத்தைப் பார்ப்பது தனிக் கலை. 2016இல் இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில்தான் சுருள் வெள்ளை ஈயைக் கண்டார்கள். மட்டையில் கரும்பூசணம் படிந்து கரிப் பிடித்த மாதிரி இருந்தால் அதன் வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், சமாளித்துவிடலாம். பயப்பட வேண்டியது வேர் வாடல் நோய்க்கு. 1882இல் கேரளத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தெரியவந்த நோய், பாலக்காட்டுக் கணவாய் தாண்டி இங்கேயும் வந்துவிட்டது. மட்டையின் இலைகள் உள்பக்கமாக மடங்கி, விலா எலும்பு போல வளைந்து நிற்கும், அடி மட்டைகள் மஞ்சளாகும், குரும்பை கொட்டும். குணப்படுத்த மருந்து இல்லை. மரம் உடனே சாகாது, காய்ப்பு மெல்ல மெல்லக் குறையும். நூறு மரத்தில் எத்தனை மரம் இப்படி என்று நீங்களே நடந்து எண்ணுங்கள். நல்ல புரோக்கர் இந்த எண்ணிக்கையை வைத்தே உங்களுக்காக விலையைக் குறைத்துப் பேசுவார்.

தண்ணீர்தான் அடுத்தது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனம் என்று சொன்னால் எந்த மண்டலம் என்று கேளுங்கள். பாசனம் பெறும் பரப்பான ஆயக்கட்டு நான்கு மண்டலமாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் முறை. வாய்க்கால் நிறைய ஓடும் மாதத்தில் தோப்பைக் காட்டுவது ஒரு தொழில் நுணுக்கம். நான் பார்க்கப் போனபோது வாய்க்கால் நிரம்பி ஓடியது, புரோக்கரே "இதைப் பாத்து ஏமாந்தராதீங்க" என்றார்.

கிணறு என்றால் முழுக் கிணறா, பாகமா? இந்த ஊர்ப் பத்திரங்களில் இப்படி ஒரு வரி வரும்: "மேற்படி கிணற்றில் 4ல் 1 பாகமும், மோட்டார் பம்புசெட் பாத்தியமும், வண்டி, கால்நடை, ஆட்கள் போக வர வழிநடைப் பாத்தியமும் சேர்ந்தது." பாத்தியம் என்றால் உரிமை. இந்த ஒரே வரியில் மூன்று வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. 4ல் 1 பாகம் என்றால் நான்கு நாளைக்கு ஒரு நாள்தான் மோட்டார் போட உங்கள் முறை. மின் இணைப்பு யார் பெயரில்? விவசாய மின்சாரம் இலவசம்தான், ஆனால் இணைப்பு தாத்தா பெயரில் இருந்து அவருக்குப் பேரன்கள் ஒன்பது பேர் என்றால் பெயர் மாற்ற ஒன்பது கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும். வழித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, வெறும் பழக்கத்தில் போகிறார்களா? பத்திரத்தில் இல்லாத தடத்தை, நிலத்தை வாங்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன பக்கத்துக்காரர் மறுநாளே முள் வைத்து அடைப்பார்.

காய்க் குத்தகையும் கேளுங்கள். இந்த வருட முழுக் காயையும் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிவிட்டு நிலத்தையும் விற்பவர்கள் உண்டு. நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் இது வராது.

மூன்று நாளில் பத்திரம் பார்ப்பது

பிடித்துவிட்டது என்றால் அன்றைக்கே புரோக்கரிடம் சர்வே எண், கடைசிக் கிரயப் பத்திரத்தின் நகல், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களின் நகல் கேளுங்கள். சர்வே எண்ணைத் தரத் தயங்குபவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். அன்று இரவே தமிழ்நாடு பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நான்கும் கிடைக்கும்.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ரெண்டே கால் ஏக்கர் என்று சொன்ன நிலம் பட்டாவில் 0.91 ஹெக்டேர் இருக்க வேண்டும். 0.85 என்றிருந்தால் பதினைந்து சென்ட் எங்கே போனது? பட்டாவில் நாலு பெயர் இருந்தால் கூட்டுப் பட்டா. உங்களுக்கு விற்பவர் பாகம் எது என்று தரையில் தெரிகிறதா, அது தனி எண்ணாக உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது குடும்பம். பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுகள் அத்தனை பேரும், குறிப்பாகக் கட்டிக் கொடுத்த பெண்களும், கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுங்களுக்கு நகை போட்டு அனுப்பியாச்சுங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க. எனக்குக் கிடைத்த தோப்பில் இப்படித்தான் ஒரு தங்கை, பாலக்காட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தவர், அண்ணனோடு பத்து வருடமாகப் பேச்சு இல்லாதவர். வக்கீல் அந்தக் கையெழுத்து இல்லாமல் தொடவே கூடாது என்றார். நானோ அண்ணனோ போயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். புரோக்கர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு இரண்டு முறை போய்வந்தார். தங்கைக்கு ஒரு தொகை தனியாக என்று பேசி, அவரும் கையெழுத்துப் போட வந்தார். கமிஷன் கொடுத்ததில் எனக்கு மனக்குறை இல்லாததற்கு இந்த ஒரு வேலையே போதும்.

பவர் பத்திரத்தை வைத்து விற்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்த நிமிடமே பவர் செத்துவிடும். கோயில் நிலமா, 1892ஆம் ஆண்டு ஏற்பாட்டின் கீழ் பட்டியலின மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று அ பதிவேட்டைக் கொண்டு வக்கீல் பார்க்கட்டும். ஆனைமலை அடிவாரம் பக்கம் போனால் மலையிடப் பாதுகாப்புக் குழும வரம்புக்குள் வரும் கிராமமா என்று கேளுங்கள், வீடோ மனைப்பிரிவோ போட அனுமதிப் படலம் அங்கே நீளம். மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் கட்டாயம் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு வைத்த திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்த மனைகளுக்குத்தான். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எல்லையைத் தாண்டினால்: 'நிலம்' என்ற சொல்

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ்தான், கடைப் பலகையிலும் தமிழ் உண்டு. அந்தத் தைரியத்தில் என் மச்சான் அங்கே 12 சென்ட் பார்த்தார், வீடு கட்ட. புரோக்கரும் தமிழர். கரம் (நில வரி) கட்டிய ரசீதை என்னிடம் காட்டி, "பாருங்க மாமா, நிலம்னே போட்டிருக்கான், எல்லாம் சரியா இருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற மலையாள வாத்தியார் அந்த ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வீடு கட்டவா வாங்கறீங்க?" என்று கேட்டார். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் வயல். வீடு கட்டும் இடத்துக்கு 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். நம் ஊரில் எல்லா மண்ணுக்கும் நிலம் என்று சொல்லிப் பழகியதால் அந்தச் சொல் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலை மாற்றி வீடு கட்டுவது அவ்வளவு எளிதில்லை. அந்த இடம் டேட்டா பேங்க் என்னும் பட்டியலில் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்க ஒரு விண்ணப்பம், அப்புறம் வகை மாற்ற இன்னொரு விண்ணப்பம், காத்திருப்பு. மச்சான் அந்த இடத்தை விட்டுவிட்டார்.

அங்கே பேச்சும் வேறு. பத்திரத்துக்கு ஆதாரம், மூலப் பத்திரத்துக்கு முன்னாதாரம், பட்டா மாற்றத்துக்குப் போக்குவரவு. நம் பட்டா மாதிரி ஒரே தாள் கிடையாது. தண்டப்பேர் எண் (நில வரிக் கணக்கு எண்), நடப்பு வருடக் கர ரசீது, கிராம அலுவலகத்தில் வாங்கும் கைவசச் சான்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துப் புரோக்கர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அங்கத்துப் புரோக்கர், பாலக்காட்டு வக்கீல். இரண்டு பக்கமும் நானே பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி ஒழுங்காகச் செய்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

விலை பேசுவது

பத்திரம் சரி என்று வக்கீல் சொன்ன பிறகுதான் விலை. அதற்கு முன் எவ்வளவு ஆசை இருந்தாலும் முகத்தில் காட்ட வேண்டாம். உங்கள் கடைசி விலையைப் புரோக்கரிடமும் சொல்லாதீர்கள். அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன், பேச்சு முடிந்தால்தான் அவருக்குக் காசு. அது அவர் தொழில், தப்பில்லை.

"இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க" என்பது எல்லா நிலத்துக்கும் வரும் வசனம். உண்மையாகவும் இருக்கலாம், எனக்குத்தான் தெரியுமே. அப்போது பதில் இப்படி இருக்கட்டும்: "நாளைக்குக் காலையில் முன்பணத்தோடு வருகிறேன், விற்பவரை உட்கார வையுங்கள்." பணமும் பத்திர முடிவும் கையில் இருப்பவர் மட்டுமே இதைச் சொல்ல முடியும். அதிக விலை சொல்லி மூன்று மாதத் தவணை கேட்கும் பார்ட்டியைவிட, கொஞ்சம் குறைத்துச் சொல்லி முப்பது நாளில் முடிப்பவரைத்தான் கடன்காரன் வாசலில் நிற்கும் விற்பனையாளர் விரும்புவார். யார் எதற்கு விற்கிறார் என்று புரோக்கரிடம் முன்பே கேட்டு வைப்பது இதற்காகத்தான்.

வெள்ளை எவ்வளவு, கருப்பு எவ்வளவு என்று பேச்சு வரும். நிலப் பேரத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. விற்பவரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் தாங்களே வங்கி வழிக்கு வந்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் பத்திரம் தனித்துணை ஆட்சியர் மேசைக்குப் போய், குறைவுபடும் தீர்வையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். வீடு, மனை 50 லட்சமோ மேலோ என்றால் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் முன்வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. கிராமத்து விவசாய நிலத்துக்கு அது கிடையாது. விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

டோக்கனிலிருந்து கிரயம் வரை

டோக்கனுக்கு ரசீது வேண்டும்: யார் கொடுத்தது, யார் வாங்கியது, சர்வே எண், மொத்த விலை, பேரம் முறிந்தால் என்ன ஆகும். புரோக்கர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அக்ரிமென்ட் போட்டால் அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாமல் வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விலை ஏறியதும் விற்பவர் கைவிரித்தால் நீதிமன்றப் படியேறக் கால் ஓய்ந்துவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாமல் போடச் சொல்லுங்கள்: "சர்வேயர் அளந்து வரும் அளவுக்கே பணம்." எங்கள் தோப்பில் அந்தக் கிழக்கு வரப்பு அரை அடி, அளந்தபோது பக்கத்துக்காரர் பக்கம்தான் போனது. அளவும் அதற்குத் தக்கபடி கொஞ்சம் குறைந்தது. விற்பவர் முகம் சுருங்கினாலும் ஒப்பந்தத்தில் இருந்ததால் பேச்சில்லாமல் குறைத்துக்கொண்டார். அன்றே நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டோம், பக்கத்துக்காரரை வைத்துக்கொண்டே.

கிரயத்தன்று பத்திர எழுத்தர் தரும் நகலை முந்தின நாளே வாங்கி நாலு எல்லை, கிணற்றுப் பாகம், வழித்தடம், மின் இணைப்பு எண் வரைக்கும் விரல் வைத்துப் படியுங்கள். எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதும்போது முப்பது வருடத்துக்கு முன் செத்துப்போன பக்கத்துக்காரர் பெயர் நாலு எல்லையில் அப்படியே வந்துவிடும். மீதிப் பணத்தை வங்கி வழியாகவோ வரைவோலையாகவோ கொடுத்து, எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களை அசலாக வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பதிவு முடிந்ததும் விருந்து சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுவது நம் வழக்கம். முழு சர்வே எண்ணும் கைமாறினால் பட்டா மாற்றம் பெரும்பாலும் தானாக நகரும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்து, தாலுகா அலுவலகத்தில் படம் ஏறி, பெயர் மாற வேண்டும். என்னுடையது உட்பிரிவு. புரோக்கர் மூன்று முறை சர்வேயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு முறை மழை, ஒரு முறை அளக்கும் சங்கிலி வரவில்லை. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு விற்பவரிடம் சம்மதக் கடிதம் பதிவு நாளிலேயே வாங்கி வைத்திருந்ததால் அது தனியாக நகர்ந்துகொண்டிருந்தது.

பட்டாவில் என் பெயர் ஏறியதைப் போனில் பார்த்த அன்று சாயங்காலம் அவருடைய டீக்கடைக்கே போய் மீதிப் பாதியைக் கொடுத்தேன். எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்ணா, அந்தத் திருச்சூர்க்காரர் தோப்புங்க, அவரு பையன் கனடா போறானாமா. விக்கற மாதிரி பேச்சு அடிபடுது" என்றார். எப்போது பார்க்கலாம் என்றேன். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குங்க" என்றார்.